விட்டுப்போன இயல்

காரில் வரும்போது அவர் கேட்டார்.

"அந்தம்மாவைப் பாத்ததும் என்னம்மா சொல்லணும்?"

ஸ்வாஹிலி இலக்கணம் எழுதிய பேராசிரியர் கேட்கிற கேள்வி.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரித்துவிடக் கூடாது.

"ஜம்போன்னு சொல்லுங்க சார்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் சார்."

இப்போது மேடையில், மைக்குக்குப் பக்கத்தில் நிற்கிறாள். மொழிபெயர்ப்பாளர். அழைப்பிதழில் அப்படித்தான் போட்டிருந்தது.

அரங்கம் நிறைந்திருந்தது. பல்கலைக்கழகமே பெருமைப்படும் புத்தகம் அல்லவா.

அவளுடைய புத்தகம்.

கென்யாவின் லாமு தீவில், பீ ருக்கியா என்ற மூதாட்டியின் அடுப்படியில் உட்கார்ந்து, தேங்காய் துருவிக்கொண்டே சேர்த்த சொற்கள். ஆய்வேடாக எழுதி இவரிடம் கொடுத்தாள். இன்னும் பக்குவப்படவில்லை என்று வாங்கி வைத்துக்கொண்டார். வருடக்கணக்கில் வைத்திருந்தார்.

பக்குவப்பட்டதும் அவர் பெயரில் வந்தது.

கடைசிப் பக்கத்தில் அவளுக்கு நன்றி சொல்லியிருந்தார். தட்டச்சு செய்ததற்காக.

ஒரு இயல் மட்டும் புத்தகத்தில் இல்லை. அவள் முதலில் எழுதிய இயல். முகமன் பற்றியது. "இதெல்லாம் ஊர்ப் பழக்கம். இலக்கணம் இல்ல. எடுத்துடு" என்று சிவப்பு மையில் அடித்துவிட்டார்.

படித்துவிட்டுத்தான் அடித்தாரா என்று அவளுக்கு நெடுநாள் சந்தேகம். காரில் அது தீர்ந்தது.

அந்தத் தீவில் இளையவர்தான் முதலில் வணங்க வேண்டும். தலையைத் தாழ்த்தி, ஷிகமோ. பெரியவர் மரஹபா என்று ஏற்றுக்கொண்ட பிறகுதான் மற்றப் பேச்செல்லாம்.

ஜம்போ சுற்றுலா வருகிறவர்களுக்கு. வீட்டு மனிதர் யாரும் வீட்டுப் பெரியவரிடம் அப்படிச் சொல்ல மாட்டார்.

முதல் நாள் அவளும் அதைத்தான் சொன்னாள். பீ ருக்கியா இன்முகமாக ஓர் இளநீர் கொடுத்து, படகுத்துறைக்கு வழி சொல்லி அனுப்பிவைத்தார்.

பேராசிரியர் அந்தத் தீவுக்குப் போனதே இல்லை. ஆனால் முன்னுரையில் எழுதியிருந்தார். 'பீ ருக்கியாவின் வீட்டில் ஓராண்டு அவர் மகனாகவே வாழ்ந்தேன்.'

துணைவேந்தர் அந்த வரியில் உருகிப்போனார். அந்தத் தாயை அழைத்தே ஆக வேண்டும் என்றார். வயது, மூட்டுவலி, விசா என்று பேராசிரியர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார்.

விசாவுக்கு அவள் அலைந்தாள். எந்த வேலையையும் அவ்வளவு ஆசையாகச் செய்ததில்லை.

பீ ருக்கியாவிடம் அவள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. யாருடைய புத்தகம் என்று அவர் கேட்கவே இல்லை.

கறுப்பு அங்கியில், நடு நாற்காலியில், பீ ருக்கியா உட்கார்ந்திருந்தார். காலர் மைக் குத்தியிருந்தார்கள்.

பேராசிரியர் அவருக்குப் போர்த்த வேண்டிய பொன்னாடையைத் தோளில் போட்டபடி வந்தார். கேமராக்களுக்கு முகம் தெரியும்படி நின்றார். கைகளை விரித்தார்.

"ஜம்போ, மம்மா."

கைதட்டல்.

பீ ருக்கியா சிரித்தார். அவளுக்கு அந்தச் சிரிப்பு தெரியும். இளநீரோடு வருகிற சிரிப்பு.

பேராசிரியரின் கையைத் தன் இரு கைகளிலும் பிடித்துக்கொண்டு, கனிவாக, நிறுத்தி நிறுத்திப் பேசினார். அரங்கம் முழுக்கக் கேட்டது. ஒருவருக்கும் புரியவில்லை.

அவளைத் தவிர.

துணைவேந்தர் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா சொல்றாங்க? மைக்ல சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்."

பேராசிரியர் அவளைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் அவள் முகத்தைப் பார்த்துப் பேசியதே குறைவு. உதடு அசையாமல் சொன்னார்.

"குழலி, பாத்துச் சொல்லும்மா. உன் தீசிஸை நாளைக்கே அனுப்பிடறேன்."

அனுப்ப அதில் என்ன மிச்சம் இருக்கிறது? அந்த ஒரு இயல்தான்.

அவளுக்குப் பயமில்லை. எத்தனையோ நாள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதவளின் சந்தோஷம்தான்.

களப்பணிக்குக் கிளம்பியபோது அவர் ஒன்றே ஒன்று கற்றுக்கொடுத்தார். சொன்னதைச் சொன்னபடி எழுது. கூட்டாதே, குறைக்காதே.

மைக்கை அருகில் இழுத்தாள்.

"என் மகள் குழலியின் புத்தக விழாவுக்கு நீங்கள் வந்ததில் சந்தோஷம். எங்கள் பேச்சில் ஒரு வார்த்தையும் கற்றுக்கொண்டு வந்திருக்கிறீர்கள். மிகவும் நல்லது. ஐயா யாரென்று தெரியவில்லையே?"

ஒன்றும் கூட்டவில்லை. ஒன்றும் குறைக்கவில்லை.

யாரோ முன்வரிசையில் இருமினார்.

துணைவேந்தர் மடியிலிருந்த புத்தகத்தைத் திறந்தார். முன்னுரையைத்தான் தேடினார்.

பொன்னாடை பேராசிரியரின் தோளிலேயே தொங்கியது.

பீ ருக்கியா அவர் கையை இன்னும் விடவில்லை. அன்பாக அண்ணாந்து பார்த்தபடி, பதிலுக்குக் காத்திருந்தார்.

அவர் வாய் திறந்தால் மொழிபெயர்க்க, அவள் தயாராக நின்றாள்.