சாப்பாட்டில் வந்த பாய்லர்

சாயப்பட்டறையில் குறும்படம் எடுத்தார்கள். தமிழ் ஆளும் வடக்கத்தி ஆளும் மனம்விட்டுப் பேசி ஒருவரையொருவர் புரிந்துகொள்கிறார்களாம். அதற்காக அங்கே வேலை பார்க்கும் மயிலாத்தாளையும், பாய்லருக்கு விறகு தள்ளும் வடக்கத்திப் பையன் சோம்ராவையும் எதிரெதிரே உட்கார வைத்தார்கள். கம்பெனியில் எல்லோரும் மாட்டியே ஆகவேண்டிய மொழிபெயர்ப்புக் கருவி இருவர் காதிலும் இருந்தது.

சோம்ரா தன் மொழியில் படபடவென்று பேசினான். மயிலாத்தாள் காதில் கருவி இனிமையாகச் சொன்னது: “உங்கள் ஊர்ச் சாப்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.”

அவன் கண் கலங்கியிருந்தது. மூன்று தடவை அவன் ‘பாய்லர்’ என்று சொன்னது அவளுக்கே கேட்டது. சாப்பாட்டில் பாய்லர் எங்கிருந்து வந்தது?

“பாய்லர்ல என்னடா கண்ணு ஆச்சு?”

சோம்ரா தன் கருவி சொன்னதைக் கேட்டுக் குழம்பினான். பிறகு வயிற்றைத் தட்டிக் காட்டினான். சாப்பிட்டாயிற்றாம்.

“அருமைங்க்கா! அப்படியே அவர் கையைப் பிடிச்சுக்கங்க,” என்றான் படம் எடுப்பவன்.

அவள் கருவியைப் பிடுங்கி எறிந்தாள். சோம்ராவும் கழற்றினான். இரண்டு கைகளையும் பந்துபோல் குவித்தான். மெல்ல மெல்ல விரித்து, “டமார்” என்றான்.

மயிலாத்தாள் மேனேஜர் கதிரேசனிடம் ஓடினாள். அவளுடைய ஊர்க்காரர்தான். பேசுவதும் அதே தமிழ்.

“சார், பாய்லர் வெடிச்சுரும்போல இருக்குதுங்க! ஆளுகளை வெளிய அனுப்புங்க!”

கதிரேசன் பூரித்துப்போனார். “நன்றியெல்லாம் எதுக்குங்க்கா? நாம எல்லாரும் ஒரே குடும்பந்தானுங்களே.”

அவர் காதிலும் அந்தக் கருவி மாட்டியிருந்தது. அவருக்குப் பின்னால் அடுத்த ஷிப்டு ஆட்கள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.