காந்தம் விழுந்த கதவு

பழைய கார் பார்க்கப் போகும்போதெல்லாம் தணிகாசலத்தின் சட்டைப்பையில் ஒரு குட்டிக் காந்தம் இருக்கும். நல்ல தகரத்தில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். நசுங்கிய இடத்தில் பட்டி பூசிப் பெயின்ட் அடித்து மறைத்திருந்தால் பொத்தென்று விழுந்துவிடும். எந்தக் காரின் பொய்யும் தன்னிடம் செல்லாது என்பதில் அதற்கு ஏகப்பட்ட மிதப்பு.

அன்று ஒரு கொட்டகையில் நின்றது கறுப்புக் கார். காந்தம் பானட்டில் ஒட்டியது, கூரையில் ஒட்டியது. இடப்பக்க முன்கதவை நெருங்கியபோது கார் காந்தத்திடம் மெல்லச் சொன்னது:

“இந்தக் கதவை மட்டும் விட்டுடு.”

“அதானே பார்த்தேன். பளபளப்பைக் காட்டி ஏமாத்தப் பாத்தியா?”

“நான் விலை போகாட்டிப் பரவாயில்ல. எங்க ஐயா நிக்கும்போது வேண்டாம்.”

“யார் நின்னா எனக்கென்ன? உள்ளதைச் சொல்றதுதான் என் பொழப்பு.”

கதவில் வைத்ததும் காந்தம் பொத்தென்று தரையில் விழுந்தது. தணிகாசலம் விரலால் கதவைத் தட்டிப் பார்த்தார்.

“பலமா அடி வாங்கியிருக்கே, சார். நீங்க சொல்லவே இல்லையே?”

கார்க்காரர் பெஞ்சமின் அதுவரை என்ஜின் பெருமையை ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவர். இப்போது அந்தக் கதவின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

“லாரி மோதினப்போ என் சம்சாரம் இந்தப் பக்கம்தான் உக்காந்திருந்தா. அந்தப் பள்ளத்தைப் பார்க்கப் பார்க்கத் தாங்கல. நான்தான் மூடச் சொன்னேன்.”

கீழே கிடந்த காந்தத்துக்கு, யாரும் குனிந்து தன்னை எடுக்காமல் இருந்தால் தேவலை என்றிருந்தது.