கலங்கியவருக்குத் திறக்காத அலமாரி

இன்று மாலை வகுப்புக்குப் போகவில்லை. காரணத்தை ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

நான் உதவியாளராக இருக்கும் கால்நடை மருத்துவமனையில் மயக்கமருந்து அலமாரி, கை வைப்பவரின் நாடியைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டுதான் திறக்கும். மனம் கலங்கியவருக்குத் திறக்காது.

இன்று டாக்டர் மெர்லினின் சொந்த நாயே லாரியில் அடிபட்டு வந்தது. அவர் மூன்று முறை கை வைத்தும் அலமாரி திறக்கவில்லை. ‘சற்று ஓய்வெடுங்கள்’ என்றது.

“நாய் வலியில துடிக்குது. இது என்னைய ஓய்வெடுக்கச் சொல்லுது. பெனிட்டா, நீ கைய வை.”

“எனக்கும் தெறக்காது மேடம். எனக்கும் அது உயிருதான்.”

“வச்சுப் பாரு மக்கா.”

வைத்தேன். உடனே திறந்தது. ஊசி போட்டதும் நாய் வலி அடங்கித் தூங்கியது. டாக்டர் பதிவேட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ‘பெனிட்டா: நாடி எழுபத்திரண்டு, அமைதி’ என்றிருந்தது. அந்த வரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததில் வகுப்பு நேரம் போய்விட்டது.

அந்த நாய்க்கு நான்கு வருடமாக மதியச் சோறு வைப்பது நான்.