மீன் கடைகளுக்குப் பின்னால்

கீழ்வேளூர் தாண்டியதும் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள்.

நனைந்த ரெயின்கோட்டோடு ஒரு போலீஸ்காரர் ஏறினார். வேளாங்கண்ணிக்கு இனிமேல் வண்டி விடமாட்டார்களாம். புயல் மத்தியானம் கரையைக் கடக்கிறதாம். திருப்பு, திருப்பு என்று டிரைவரிடம் கத்திவிட்டு இறங்கிப் போனார்.

ஐயோ என்றார்கள் ஐம்பது பெண்களும். மில் விடுதியில் வருடத்துக்கு ஒரே ஒரு சுற்றுலா. அதுவும் போச்சு.

"கடல் எங்கடி போயிரப் போகுது? அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றாள் வார்டன் அமலோற்பவம்.

பின்சீட்டுக்காரிகள் அதற்குள் பாட்டை ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒருத்தி மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த வருடமாம். அதுவரைக்கும் அந்த மில்லில் அவள் உயிரோடு இருக்க வேண்டுமே.

சூப்பர்வைசர் செய்வதை அப்பாவிடம் சொல்லிப் பார்த்தாள். மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டாச்சு, பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்றார். அப்பாவாம், அப்பா.

அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. இரண்டு தடவை மில்லுக்கு வந்தாள். இரண்டு தடவையும் கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

அதற்குத்தான் இந்தக் கடல். கூட்டத்தோடு இறங்குவது. கூட்டத்திலிருந்து கழன்றுகொள்வது. கரையில், மீன் வறுக்கும் கடைகளுக்குப் பின்னால் அக்கா நிற்பாள். அப்படியே ஊருக்குப் பஸ் ஏறிவிடுவது. லீவில் போய்த் திரும்பிய ஊர்க்காரி வீரலட்சுமிதான் காதோடு சேதி கொண்டுவந்தாள்.

"நீ வர்ற வரைக்கும் அந்த எடத்த விட்டு அசைய மாட்டாளாம். சொல்லச் சொன்னா."

அக்கா சொன்னால் சொன்னதுதான். பிடிவாதம் பிடித்த கழுதை. போலீஸ் விரட்டினால் ஒளிந்துகொள்வாள். கூரை பறந்தாலும் நிற்பாள்.

வெளியே ஒரு தென்னை முறிந்து வேலிமேல் விழுந்தது. பெண்கள் கைதட்டினார்கள்.

எல்லோருடைய போனும் விடுதியில், பூட்டிய அலமாரியில் இருந்தது. பஸ்ஸில் இருந்தது வார்டனின் போன் ஒன்றுதான்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பிக்க இன்னொரு நாள் வரும். திறந்தால் அவ்வளவுதான். இனி கேட்டைத் தாண்டிக் காலை வைக்க விடமாட்டார்கள்.

பஸ் பின்னால் போய், வளைந்து, வந்த வழியே திரும்பியது.

அவள் முன்சீட்டுக்குப் போனாள்.

"மேடம், ஒரு போன் போடணும். எங்கக்கா கடக்கரையில நிக்கிறா. என்னக் கூட்டிட்டு ஓடிப்போக வந்திருக்கா."

பாட்டு நின்றது.

வார்டன் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இப்போது அறை விழும் என்று இவள் நினைத்தாள். விழவில்லை.

"நம்பரச் சொல்லு."

மனப்பாடமாகச் சொன்னாள்.

நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தற்போது தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார். பஸ் முழுவதும் கேட்டது.

அவள் படியருகே தரையிலேயே உட்கார்ந்தாள்.

வார்டன் அதே எண்ணை மறுபடி அழுத்தினாள்.