கைக்குட்டையில் ஊதா

"முதல்ல எங்கம்மாவுக்கு ஒரு மாஸ்க் குடுங்க."

முதலாளியிடம் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா கெஞ்சியிருந்தும், பொன்னரசி பட்டறைக்குள் நுழைந்ததும் அதைத்தான் கேட்டாள். ஒன்பது வருஷமாக அம்மா பூ வெட்டிய ஸ்டென்சில் தகட்டைச் சேலைமேல் அழுத்திப் பிடித்து, ஸ்ப்ரே கன்னால் ஊதாச் சாயத்தில் பூ அடிக்கிறாள்.

"பூப் போடுறதுக்கு மாஸ்க்கா? பொண்ண டிகிரி படிக்க வச்சீல்ல ராக்காயி, அனுபவி!" முதலாளி சிரித்தார்.

பொன்னரசி வெள்ளைக் கைக்குட்டையை அம்மாவின் மூக்கில் வைத்தாள். "சிந்தும்மா."

அம்மா தயங்கித் தயங்கிச் சிந்தினாள். துணியில் ஊதா விரிந்தது. சேலையில் இருந்த அதே ஊதா.

முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என் வேலை போயிரும்டி," என்றாள் அம்மா.

லேபர் ஆபீஸுக்குக் காலையிலேயே எழுதி வைத்திருந்த மனுவுக்குள் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு, பொன்னரசி வெளியே நடந்தாள்.