பின்சுவர் ஸ்பீக்கர்

டிவிக்கு இரு பக்கமும் நின்ற இடத்தான், வலத்தான் என்ற பழைய ஸ்பீக்கர்களுக்கு, பின்சுவரில் புதிதாக மாட்டிய குட்டி ஸ்பீக்கரைக் கண்டாலே ஆகாது.

அன்று வீட்டுக்காரர் போனிலிருந்து ஒரு கச்சேரியை ஓடவிட்டார். பழையவர்கள் இருவரும் தம் கட்டிப் பாடினார்கள். பின்சுவரில் மூச்சுப்பேச்சில்லை.

"பாட்டு நாலு பக்கமும் சுத்திக் கேக்கும்னுதானே உன்னை வாங்கினாங்க? தூங்குறியா தம்பி?" என்றான் இடத்தான்.

"எனக்கு இன்னும் ஒண்ணும் வரலைண்ணே," என்றான் குட்டி. "இப்படியே போனா என்னைத் திருப்பி அனுப்பிடுவாங்க போல."

"அனுப்பட்டும். இத்தனை வருஷம் நாங்க ரெண்டு பேரும் பாடலையா?" என்றான் வலத்தான்.

பாட்டு முடிந்தது. உடனே பின்சுவரிலிருந்து ரசிகர்களின் கைதட்டல் கொட்டியது.

இத்தனை வருஷமும் பாடியது பழையவர்கள் இருவரும்தான்; பாடி முடித்ததும் கைதட்டியதும் அவர்களேதான். எதிரே இருந்து ஒருவர் கைதட்டுவதைக் கேட்பது இதுதான் முதல் தடவை.

இடத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அடுத்த பாட்டுக்கும் நீ நல்லாத் தூங்கு தம்பி," என்றான். "முடியும்போது மட்டும் முழிச்சுக்கோ."