கொக்கு நாட்டு ஓட்டெடுப்பு

கொக்குகளின் நாட்டில் ராஜா இஷ்டத்துக்கு ஆள முடியாது, எதற்கும் ஓட்டெடுப்பு உண்டு என்று கேள்விப்பட்டுத்தான் அந்த வாத்து இரண்டு ஏரி தாண்டி வேடிக்கை பார்க்க வந்திருந்தது.

குளத்தின் சேற்றுக்கரையில் சபை கூடியிருந்தது. ராஜாவுக்கு மரியாதையாக எல்லாக் கொக்குகளும் ஒற்றைக் காலில் நின்றன. சபையில் சிறகை விரிப்பது குற்றமாம்.

மந்திரிக் கொக்கு தொண்டையைச் செருமியது. "இனிமேல் குளத்து மீனெல்லாம் ராஜாவுக்கே. சம்மதிக்கிறவர்கள் அப்படியே நில்லுங்கள். எதிர்க்கிறவர்கள் காலைத் தூக்குங்கள்."

"அதான் எல்லாரும் தூக்கியிருக்கிறார்களே!" என்று வாத்து வாய்விட்டே சொல்லிவிட்டது.

"அது மரியாதைக் கால், கணக்கில் வராது. எதிர்ப்புக்கு இன்னொரு காலைத் தூக்க வேண்டும்."

வாத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதற்குள், கடைசி வரிசையில் வயிறு ஒட்டிப்போய் நின்ற ஒரு கொக்கு ஊன்றிய காலையும் தூக்கிவிட்டது. பொத்தென்று முகங்குப்புறச் சேற்றில் விழுந்தது.

"விழுந்தவர்களுக்கு ஓட்டில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது!" என்றது மந்திரி.

வாத்து பதறி ஓடிப்போய், விழுந்த கொக்கின் கண்ணில் அப்பியிருந்த சேற்றை அலகால் வழித்துவிட்டது. "அடப்பாவமே! இந்த அநியாயத்தைக் கேட்க ஆளே இல்லையா?"

கொக்கு அதை ஏற இறங்கப் பார்த்தது.

"வெளியூரா? இதோடு ஏழு தடவை எதிர்த்துவிட்டேன். ஒரு தடவையாவது யாராவது என்னைத் தடுத்தார்களா? அதுதான் எங்கள் நாடு!"